கஸ்தூரியின் புதுத் தோல்

ஆட்டோக்காரர்கள் கனகலக்ஷ்மியை ஏற்றிக்கொள்ள மறுக்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு வேலாயுதத்தின் குதிரைவண்டி பழக்கமானது.

அது தொண்ணூற்றாறாம் வருடம். மைசூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். மங்களூரிலிருந்து லாரியில் வரும் இறால் ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றி ஊறவைத்து, அதிலிருந்து கைட்டோசான் என்ற வெள்ளைத் தூளைப் பிரித்தெடுப்பது அவளுடைய பொறுப்பு. இறாலின் சதையை ஐஸ் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிவிடுவார்கள். தலையும் ஓடும் ஆலைக்குப் பின்னால் குவிந்து அழுகும். அதில் சில மூட்டைகள் இவளிடம் வரும். கடலே இல்லாத ஊரில் அந்த நாற்றத்துக்கு யாரும் பழகியிருக்கவில்லை. மூட்டை பிரிக்கிற நாட்களில் அவள் அங்கேயே குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாலும் தலைமுடியில் அது தங்கிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். ஆட்டோக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு "பேறே ஆட்டோ நோடி மேடம்" என்று வேறு ஆட்டோவைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் பக்கம் சவாரி முடித்துவிட்டு அந்த வழியாக வந்த வேலாயுதம் ஒருநாள் வண்டியை நிறுத்தினார். ஐம்பதை நெருங்கிய மனிதர். அவருடைய அப்பா சேலத்துப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்காக வந்தவர். மகனுக்கு ரயிலைவிடக் குதிரை பிடித்துப்போயிற்று.

"ஏறுங்கம்மா."

"என் மேலே வாசனை அடிக்கும், பரவாயில்லையா?"

வேலாயுதம் முன்னால் நின்ற செம்பழுப்புக் குதிரையைக் காட்டிச் சிரித்தார். "இவ பேரு கஸ்தூரி. இவ வாசத்துக்கு முன்னாடி உங்க வாசம் எந்த மூலைக்கு? சும்னே ஏறுங்க."

அன்றிலிருந்து மூட்டை பிரிக்கிற நாளெல்லாம் வண்டி வாசலில் வந்து நிற்கும். கஸ்தூரி நடக்கிற நடையில் ஓர் அலட்சியம் உண்டு. பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் காதை மட்டும் திருப்புவாள். நடையை மாற்ற மாட்டாள்.

கனகலக்ஷ்மியின் கணவர் சுதர்ஷன் கல்லூரியில் சம்ஸ்கிருதம் கற்பித்தார். மேல்கோட்டை வைஷ்ணவக் குடும்பம். இறால் என்ற சொல்லே அவர்கள் வீட்டில் பேச்சில் வந்ததில்லை. மனைவியின் வேலையை அவர் குறை சொன்னதில்லை, ஆனால் அதைப் பற்றி எதுவும் கேட்டதும் இல்லை.

அந்த வருடம் ஒருநாள் கனகலக்ஷ்மி ஒரு சின்ன பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழக்கமாக ஓடுகள் நொறுங்கித்தான் வரும். அன்று ஒன்று மட்டும் தலை முதல் வால் வரை முழுசாக வந்திருந்தது. அமிலத்தில் போட்டபோது சோடா மாதிரிக் குமிழி விட்டு அதிலிருந்த சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோயிற்று. காரத்தில் போட்டபோது ஒட்டியிருந்த ஊனெல்லாம் கழன்றுபோயிற்று. கடைசியில் நிறமும் போனது. தண்ணீரில் அலசி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அத்தனை கால்களும், நெற்றிக் கொம்பும், மயிரிழை போன்ற மீசையும் அப்படியே இருந்தன. ஆனால் ஊடே ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே மரமும் தெரிந்தன.

சுதர்ஷன் பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடியில பண்ணினதா?"

"இல்லை, இறால் ஓடு."

அவர் விரல்கள் ஒரு கணம் தளர்ந்தன. பாட்டிலைக் கீழே வைக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை.

"சுண்ணாம்பு போயாச்சு. மாமிசம் போயாச்சு. நிறமும் போயாச்சு. மிச்சம் இருக்கறது இதுதான், கைட்டின்னு பேரு" என்றாள். "இதுலேர்ந்துதான் நான் அந்தத் தூளைப் பண்றேன். அதைக் கொஞ்சம் வினிகர்ல கரைச்சா தேன் மாதிரி ஆகும். கண்ணாடித் தட்டுல ஊத்திக் காயவச்சா மெல்லிசா ஏடு மாதிரி உரிஞ்சு வரும்."

சுதர்ஷன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் போனப்புறமும் உருவம் நிக்கறதே, கனகா" என்றார் மெதுவாக.

தசரா முடிந்த வாரத்தில் வண்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கனகலக்ஷ்மி விசாரித்துக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்குப் போனாள். சந்துக்குள் சந்து. வேலாயுதத்தின் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. உள்ளே கஸ்தூரி தலையைத் தொங்கவிட்டு நின்றாள்.

அந்தச் சந்து முனையில் தகரத் தகடு ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸில் வந்திருக்கிறது. கஸ்தூரிக்கு ஒதுங்க இடமில்லை. தகட்டின் விளிம்பு மார்பிலிருந்து தோள் வரை தோலை வழித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தாலும் மூட முடியாத அகலத்துக்குச் சிவப்பாகத் திறந்து கிடந்தது. வேலாயுதத்தின் மனைவி பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அடித்த நாற்றம் வேறு மாதிரி இருந்தது. கனகலக்ஷ்மிக்கு அழுகல் நாற்றங்கள் எல்லாம் தெரியும். உயிரோடு நிற்கிற உடம்பிலிருந்து அது வந்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கால்நடை டாக்டர் பசவராஜ் அப்போது அங்கேதான் இருந்தார். வீரனஹொசஹள்ளிக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். காயத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தார்.

"தோல் கிழிஞ்சிருந்தா தச்சிருப்பேன். தோலே இல்லையே, எதைத் தைக்கறது? கட்டுப் போட்டா நிக்கிற இடமும் இல்லை. மருந்து தடவினா புழு வைக்குது. இந்த வாரம் பார்ப்போம். இல்லேன்னா ஊசி போட்டு முடிச்சுடறதுதான் அதுக்கு நல்லது."

வேலாயுதம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கனகலக்ஷ்மிக்கு நூலகத்தில் எப்போதோ படித்த ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. ஜப்பானில் கைட்டினை மாடுகளுக்கும் நாய்களுக்கும் புண்ணில் வைத்துப் பார்த்திருந்தார்கள். அப்போது அவள் அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, தனக்கு வேண்டியிருந்த அட்டவணையைத் தேடிப் போய்விட்டாள். அவளுடைய வேலை அந்தக் கரைசல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று அளப்பது. அது ஒரு உடம்பைத் தொட்டால் என்ன செய்யும் என்று அவள் யோசித்ததே இல்லை.

"டாக்டர், நான் ஒரு ஏடு பண்றேன். மெல்லிசா, தோல் மாதிரி இருக்கும். வெளிநாட்டுல புண்ணு மேல வச்சுப் பார்த்திருக்கா. இங்கே நான் வச்சுப் பார்த்ததில்லை."

"எதுல பண்றீங்க?"

"இறால் ஓட்டுல."

பசவராஜ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. "எங்கிட்ட வேற வழி ஒண்ணும் இல்லை மேடம். கொண்டு வாங்க, பார்த்துடலாம்."

மறுநாள் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம பண்றது உணவு ஆராய்ச்சி. பழத்து மேல பூசறதுக்குத்தானே இதை ஆரம்பிச்சோம்? குதிரை எங்கேருந்து வந்தது?"

"லாரி இடிச்சு, சார்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "டாக்டர் பக்கத்துல இருப்பாரா?"

"இருப்பார்."

"அப்ப எடுத்துண்டு போங்க. அதுக்கு ஒத்துக்கலேன்னா உடனே நிறுத்திடணும்."

அவள் இருந்ததிலேயே நல்ல தூளை எடுத்துக் கரைத்து, வடிகட்டி, பெரிய கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினாள். காய்ந்ததும் விளிம்பைப் பிளேடால் நெம்பி உரித்தாள். லேசான வைக்கோல் நிறத்தில் சரசரவென்று வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்து, சுத்தமான துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

பசவராஜ் காயத்தைக் கழுவிவிட்டு ஏட்டை வைத்து அழுத்தினார். ஒரு மூச்சு நேரம்தான். கஸ்தூரி கனைத்துக்கொண்டு முன்கால்களைத் தூக்கினாள். கயிறு அறுந்தது. பசவராஜ் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாய்ந்தார். கனகலக்ஷ்மி சுவரில் மோதி விழுந்தாள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிராய்த்துவிட்டது. ஏடு சாணியில் கிடந்தது.

வேலாயுதம் குதிரையைப் பிடித்து அடக்கிவிட்டுத் திரும்பினார். அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"போதும்மா. சாகப்போறதை நிம்மதியாவாவது சாக விடுங்க."

வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. சுதர்ஷன் மருந்து போடுவதற்காக அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். முகர்ந்து பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இதென்ன, இவ்வளவு புளிப்பா வாசனை அடிக்கறது? மீனும் இல்லை, குதிரையும் இல்லை."

"வினிகர். அதுலதான் கரைச்சேன்னு..." அவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு எழுந்து நின்றுவிட்டாள். "அய்யோ. அமிலம் உள்ளேயே இருக்கு. பச்சைப் புண்ணுல நான் வினிகரைத் தடவிட்டு வந்திருக்கேன்!"

மறுநாள் அவள் புது ஏடுகளை மிக லேசான காரக் கரைசலில் போட்டாள். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி அலசினாள். புளிப்பும் இல்லை, காரமும் இல்லை என்று சோதனைக் காகிதம் சொல்லும்வரை விடவில்லை. இப்போது ஏடு சரசரக்கவில்லை. ஈரத்தில் ஊறி, முட்டை ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு மாதிரி மிருதுவாகிவிட்டது. தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் கரையவும் இல்லை.

அவள் பசவராஜைக் கூட்டிக்கொண்டு திரும்ப மண்டி மொஹல்லாவுக்குப் போனபோது வேலாயுதம் கொட்டகை வாசலை மறித்து நின்றார். "வேணாம்மா. உங்க மேல கோபம் இல்லை. ஹோகலி, விட்டுடுங்க."

கனகலக்ஷ்மி ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். சிராய்ப்பில் போட்டிருந்த துணியைப் பிரித்தாள். ஈர ஏட்டில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டி, விரலால் நீவி விட்டுக் கையை நீட்டினாள்.

"நேத்து கொண்டுவந்ததை இப்படி வச்சிருந்தா நானும்தான் உதைச்சிருப்பேன். தப்பு என்னோடது. இப்ப பாருங்க. குளுகுளுன்னுதான் இருக்கு."

வேலாயுதம் அவள் முகத்தையே பார்த்தார். உள்ளிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது.

"வைக்கட்டும்யா. அந்தம்மா மேலயே வச்சுக் காட்டுது, இன்னும் என்ன? நீ வந்து தலையைப் பிடி."

இந்த முறை பசவராஜ் ஏட்டின் ஒரு முனையை மட்டும் முதலில் தொட்டுவிட்டுக் காத்திருந்தார். கஸ்தூரியின் காது திரும்பியது. மூச்சு வேகமாக வந்தது. அவள் நின்றாள். மெதுவாக முழு ஏட்டையும் விரித்தார். அது காயத்தின் மேடுபள்ளமெல்லாம் தானே தேடிப் படிந்துகொண்டது. விளிம்பில் கசிந்துகொண்டிருந்த ரத்தம் கசிவதை நிறுத்தியது. சிவப்பு உள்ளே அப்படியே தெரிந்தது, ஆனால் இப்போது அதற்கு மேல் ஒரு பளபளப்பு. ஈ ஒன்று வந்து உட்கார்ந்து, வழுக்கி, பறந்துபோயிற்று.

"பிரிக்காமலே உள்ளே பார்க்கலாம்" என்றார் பசவராஜ். அவர் குரலில் முதல்முறையாக ஆர்வம் இருந்தது.

அடுத்த நாட்களில் ஏடு காய்ந்து இறுகியது. கஸ்தூரி கொள்ளு தின்னத் தொடங்கினாள். பஞ்சவர்ணம் வேப்பங்கொத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. தினமும் ஆராய்ச்சிக்கூடம் விட்டதும் கனகலக்ஷ்மி அங்கே போய், குனிந்து, ஏட்டுக்கு உள்ளே சீழ் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பயமாகவே இருந்தது. உள்ளே மூடிவைத்து அழுகவிடுகிறோமோ என்று இரவெல்லாம் புரண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விளிம்பு தானாகவே சுருண்டு மேலெழுந்திருந்தது. பசவராஜ் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். அன்று சுதர்ஷனும் கூட வந்திருந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாணிக்கு நடுவே நின்றார்.

பசவராஜ் வெதுவெதுப்பான தண்ணீரால் ஏட்டை நனைத்தார். பிறகு இரண்டு விரல்களால் மேலே தூக்கினார். சந்தில் போன ஸ்கூட்டரின் சத்தம் மட்டும் கேட்டது.

நாற்றம் இல்லை. அதைத்தான் கனகலக்ஷ்மி முதலில் உணர்ந்தாள். பிறகு குனிந்தாள். காயத்தின் நடுப்பகுதி இறுகி, பவழக் கல்லைப் போலச் சீராக இருந்தது. சுற்றிலும், விளிம்பு முழுக்க, ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று உள்நோக்கி நகர்ந்து வந்திருந்தது. வெங்காயத்தின் உள்தோல் அளவுக்குத்தான் அதற்குக் கனம். அதற்குள் இழை இழையாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. வேலாயுதம் கையை நீட்டி, தொடப் பயந்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தொடுங்க" என்றார் பசவராஜ். "தோல்தான்."

வேலாயுதம் சுண்டுவிரல் நுனியால் தொட்டார். "சூடா இருக்கு" என்றார். "டாக்டர், சூடா இருக்கு." கஸ்தூரியின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"எப்படி வந்தது?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கனகலக்ஷ்மியைப் பார்த்தார். ஈரத்தைக் காத்தது, கிருமியைத் தடுத்தது என்று சொல்லலாம். அவை பொய் இல்லை. ஆனால் அந்த விளிம்பிலிருந்து ஒவ்வோர் உயிரணுவும் பக்கத்து உயிரணுவைத் தள்ளிக்கொண்டு, இருட்டில் வழி தெரிந்த மாதிரி நடுவை நோக்கி நடந்து வந்திருக்கிறதே, அதற்கு யார் வழி சொன்னது? எங்கோ அரபிக்கடலின் அடியில் ஓர் இறால் தன் உடம்பைக் காத்துக்கொள்ள அடுப்பும் இல்லாமல் அமிலமும் இல்லாமல் இந்த ஓட்டைத் தனக்குத்தானே நெய்துகொண்டது. அதை வலையில் அள்ளினார்கள், உரித்தார்கள், எறிந்தார்கள். அது மலையேறி இங்கே வந்து, தான் பார்த்தேயிராத ஒரு மிருகத்தின் சதைமேல் படுத்துக்கொண்டு, அது தன் தோலைத் தானே திரும்பச் செய்துகொள்ளும்வரை காவல் இருந்திருக்கிறது. இத்தனை வருடமாக அதைக் கரண்டி கரண்டியாக அள்ளி எடைபோட்டிருக்கிறேன், கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்தாள். கொட்டகையின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலை, பஞ்சவர்ணம்" என்றாள். "நிஜமாவே தெரியலை."

சுதர்ஷன் வேட்டியை எப்போது கீழே விட்டார் என்று அவருக்கே தெரியாது. நுனியெல்லாம் சாணி. பசவராஜ் கையிலிருந்த பழைய ஏட்டைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

அதன் பிறகும் பல ஏடுகள் வைத்தார்கள். ஒருமுறை புண் மறுபடி சீழ் வைத்து எல்லோரையும் கலங்கடித்தது. பசவராஜ் ஊசி மருந்து போட்டுச் சரி செய்தார். சங்கராந்திக்குள் காயம் ஒரு எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியது. உகாதி வரும்போது மூடிவிட்டது. நடுவில் முடி முளைக்கவில்லை, சுற்றி முளைத்ததும் வெள்ளையாக முளைத்தது. மார்பில் வரும் தோல்வாருக்கு அடியில் வேலாயுதம் பழைய கம்பளியை வைத்துத் தைத்தார். முதலில் காலி வண்டி, பிறகு ஒற்றை ஆள் சவாரி என்று பழக்கினார்.

பசவராஜ் ஒரு உழவுமாட்டுக்கும் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் போனார். அது பலிக்கவில்லை. மாடு நக்கி நக்கித் தின்றுவிட்டது. துறைத் தலைவர் இனி இதை முறையாகச் செய்து பார்க்க வேண்டும் என்று வேறு நிலையங்களுக்கு எழுதினார். அது ஒரு குதிரையோடு முடிகிற வேலை இல்லை, வருடக்கணக்காகும் என்று கனகலக்ஷ்மிக்குத் தெரியும். மூட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. இப்போது மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது அவள் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கையை உள்ளே விட்டாள்.

மேல்கோட்டை உற்சவத்துக்குப் போயிருந்தபோது, படிக்கட்டில் நெரிசலுக்கு நடுவே சுதர்ஷனின் பெரியப்பா மகன் பாச்சு வழிமறித்தார். வேதம் ஓதும் கனபாடி. ஆசாரம் கொஞ்சம் அதிகம்.

"ஏண்டா சுதர்ஷனா, உன் ஆம்படையா ஏதோ லேபரட்டரியில இருக்காளாமே. என்ன பண்றா?"

கனகலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். சுதர்ஷன் அவரைச் சுவரோரமாக அழைத்துப்போனார். இறால் என்ற சொல்லை முதலிலேயே சொன்னார், குரலைத் தாழ்த்தவில்லை. லாரியைச் சொன்னார், வினிகரைச் சொன்னார், பிரித்தபோது கண்ட இளந்தோலைச் சொன்னார். கைகளை விரித்துக் காயத்தின் அகலத்தைக் காட்டினார். பக்கத்தில் போனவர்கள் இரண்டொருவர் நின்று கேட்டார்கள். பாச்சுவின் முகம் ஆரம்பத்தில் கோணியது. பிறகு அந்தக் கோணல் எங்கோ போய்விட்டது. மேளச் சத்தம் நெருங்கி வந்தும் அவர் நகரவில்லை.

"அப்புறம்?" என்றார். "அந்தக் குதிரை என்னடா ஆச்சு?"

"ஓடறது" என்றார் சுதர்ஷன்.